சங்கப் பாடல்களில் காதலும் குடும்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்க இலக்கியம் என்றாலே காதலும் வீரமும் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் காதலுக்குப் பின்னால் இருக்கும் வீட்டைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பெற்றவள், வளர்த்தவள், தோழி, அண்ணன்மார், கைக்குழந்தை என்று ஆட்கள் நிறைந்த வீடு அது. இந்தப் பாடல்களைப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

காதல் பாடல் அகம், போர்ப் பாடல் புறம் என்கிறார்கள். குடும்பம் எதில் வரும்?

இரண்டிலும் வரும், ஆனால் வேறுவேறு விதமாக. எட்டுத்தொகையில் நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, கலித்தொகை, அகநானூறு ஆகிய ஐந்தும் அகநூல்கள். இவற்றில் காதலிக்கிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் பெயர் கிடையாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, நற்றாய், அவ்வளவுதான். 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்று தொல்காப்பியம் இதை விதியாகவே சொல்கிறது. புறநானூற்றிலோ பேரும் ஊரும் உண்டு. இன்ன அரசன், இன்ன புலவர், அவர் வீட்டில் இன்ன பசி என்று தெரியும்.

பெயர் சொல்லிவிட்டால் காதல்கூட புறமாகிவிடும். நக்கண்ணையார் என்ற பெண் புலவர் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மீது கொண்ட ஒருதலைக் காதலைப் பாடிய மூன்று பாடல்கள் (83, 84, 85) புறநானூற்றில்தான் இருக்கின்றன. அவற்றில் முதல் பாட்டில் அவருக்கு இரண்டு பயம். உடல் மெலிந்து வளை கழன்றால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். போய்த் தழுவிக்கொள்ளலாம் என்றால் அவையில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். ஒருதலைக் காதலிலும் அம்மா வந்து நிற்கிறாள், பாருங்கள்.

ஒரு பாடலைப் படிக்கும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

யார், யாரிடம், எப்போது சொல்கிறார் என்பதை. அகப்பாடல்களில் புலவர் தன் குரலில் பேசுவதே இல்லை. பாட்டு முழுவதும் யாரோ ஒரு பாத்திரத்தின் பேச்சு. பாடலுக்கு அடியில் உரைநடையில் ஒரு குறிப்பு இருக்கும், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

எல்லோருக்கும் தெரிந்த குறுந்தொகை 40-ஐ எடுத்துக்கொள்வோம்: 'யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்'. கல்யாணப் பத்திரிகையிலும் மேடைப் பேச்சிலும் கேட்டுக் கேட்டு இதைக் காதலின் வெற்றி முழக்கம்போல நினைத்துக்கொள்கிறோம். அடிக்குறிப்பு வேறு சொல்கிறது. இவன் நம்மை விட்டுப் போய்விடுவானோ என்று அவள் முகம் வாடுகிறது. அதைப் பார்த்துவிட்டு அவன் சொல்லும் சமாதானம் இது. சமாதானத்தை எதிலிருந்து தொடங்குகிறான்? உன் அம்மாவும் என் அம்மாவும் யார் யாருக்கோ, உன் அப்பாவும் என் அப்பாவும் எந்த வழியில் உறவு என்பதிலிருந்து. இரண்டு வீட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் செம்மண் நிலத்தில் விழுந்த மழைநீருக்கு வருகிறான். அந்த உவமையே புலவருக்குப் பெயராகிவிட்டது, செம்புலப்பெயனீரார் என்று.

காதலை எத்தனை வகையாகப் பிரித்தார்கள்?

குறிஞ்சிக்குக் கூடல், முல்லைக்குக் காத்திருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிவு. ஒருதலைக் காதல் கைக்கிளை, பொருந்தாக் காதல் பெருந்திணை. பரீட்சைக்கு இது போதும். பாட்டை ரசிக்க இந்தப் பட்டியலைவிட யார் பேசுகிறார் என்பதுதான் அதிகம் உதவும்.

வீட்டுக்குத் தெரியாமல் காதலிக்கும்போது அம்மா எப்படிச் சித்திரிக்கப்படுகிறாள்?

காவலாக, சந்தேகமாக, சில சமயம் வேடிக்கையாக. கலித்தொகை 51 ஒரு சின்ன நாடகம். தெருவில் கட்டிய மணல் வீட்டைக் காலால் உதைத்து, கூந்தல் மாலையை அறுத்து, பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய பையன் வளர்ந்து பெரியவனாகி ஒருநாள் வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறான். பொன் கலத்தில் கொண்டுபோய்க் கொடு என்று அம்மாவே மகளை அனுப்புகிறாள். அவன் அவளுடைய வளையணிந்த கையைப் பற்றிவிடுகிறான். 'அன்னாய், இவன் செய்ததைப் பார்!' என்று கத்திவிடுகிறாள் பெண். அம்மா அலறிக்கொண்டு ஓடி வரும்போது கதை மாறுகிறது: தண்ணீர் விக்கிவிட்டது அம்மா! அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். அவனோ கடைக்கண்ணால் கொல்வதுபோல் பார்த்துச் சிரிக்கிறான். முதல் பொய் நாக்கில் வந்த அந்த நொடியில்தான் அவளுக்கே தன் மனது தெரிகிறது என்று எனக்குத் தோன்றும். பாட்டு அப்படி எதையும் சொல்லவில்லை. 'கள்வன் மகன்' என்று அவனைச் செல்லமாகத் திட்டுவதோடு சரி.

இன்னொரு பக்கம் நற்றிணை 172. விளையாடும்போது மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன புன்னை விதை முளைத்துவிடுகிறது. பெண்கள் அதற்கு நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். உங்களைவிட இது உயர்ந்தது, இது உங்கள் தங்கை என்கிறாள் அம்மா. அதனால் இந்த மரத்தடியில் உன்னோடு சிரித்துப் பேச எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது என்று அவனிடம் தோழி சொல்கிறாள். வேறு இடம் பார், சீக்கிரம் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய் என்பது உள்ளே இருக்கும் சேதி. ஒரு மரத்தைக்கூட உறவுமுறை சொல்லி வீட்டுக்குள் சேர்த்துவிடுகிறார்கள்.

நற்றாயும் செவிலியும் ஒருவரா?

இல்லை. நற்றாய் பெற்றவள், செவிலி வளர்த்தவள், தோழியின் தாய். பெரிய வீடுகளில் பெண்ணுக்குப் பால் கொடுத்து, பின்னால் ஓடிச் சோறூட்டி, கல்யாணத்துக்குப் பிறகு போய்ப் பார்த்துவிட்டு வருகிறவள் செவிலிதான்.

பெண் காதலனோடு போய்விட்டால் வீட்டில் என்ன நடக்கிறது?

சங்கக் கவிஞர்கள் உச்சத்தைத் தொடும் இடம் இதுதான் என்பது என் கருத்து. உடன்போக்கு என்பது இதன் பெயர். போனவர்களின் சாகசத்தைவிட, பின்னால் விட்டுப்போன வீட்டைத்தான் இவர்கள் அதிக அக்கறையோடு பார்த்தார்கள்.

வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகை 44-இல் செவிலி பாலை வழியே தேடிப் போகிறாள். 'காலே பரிதப் பினவே. கண்ணே நோக்கி நோக்கி வாளிழந் தனவே'. நடந்து நடந்து கால் ஓய்ந்தது, பார்த்துப் பார்த்துக் கண் மங்கியது. எதிரே வரும் ஒவ்வொரு ஜோடியையும் நம் பிள்ளைகளோ என்று பார்த்திருக்கிறாள். கடைசியில் ஒரு வரி: வானத்து மீன்களைவிட அதிகம் இந்த உலகத்தில் பிறர். அவள் தேடுவது இரண்டே பேரை, கண்ணில் படுவதோ ஊர்பேர் தெரியாத கூட்டம். நாலடிப் பாட்டு.

கலித்தொகை 9-இல் அதே செவிலி வழியில் வரும் அந்தணர்களை நிறுத்தி விசாரிக்கிறாள். பார்த்தோம் என்கிறார்கள். அப்புறம், சந்தனம் மலையில் பிறந்தாலும் பூசிக்கொள்கிறவருக்குத்தான் பயன், மலைக்கு அதனால் என்ன? முத்து கடலில் பிறந்தாலும் அணிகிறவருக்குத்தான். யாழில் பிறந்த இசையும் அப்படியே. உங்கள் மகளும் உங்களுக்கு அப்படித்தான், திரும்பிப் போங்கள் என்று அறிவுரை சொல்கிறார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் தேடி நடந்து களைத்தவளுக்கு இந்த நியாயம் எப்படி இருந்திருக்கும்? இதையும் குறுந்தொகைப் பாட்டையும் அடுத்தடுத்துப் படித்தால் அந்தணர்களின் தெளிவே கொஞ்சம் இரக்கமற்றதாகப் படுகிறது.

மூன்றாவது, ஓதலாந்தையார் பாடிய ஐங்குறுநூறு 399. போன பெண்ணைக் காதலன் தன் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டான். அங்கே அவன் தாய் சிலம்பு கழற்றும் சடங்கு செய்யப்போகிறாள் என்று பெண்ணைப் பெற்றவளுக்குத் தெரியவருகிறது. அங்கிருந்து வந்தவர்களிடம் இவள் கேட்கிறாள்: சிலம்பு கழற்றுவது உங்கள் வீட்டில் நடக்கட்டும், கல்யாணத்தையாவது எங்கள் வீட்டில் வைக்கலாமே என்று அந்தப் 'பொய்வல் காளை'யைப் பெற்ற தாயிடம் சொன்னால் என்ன? காதலை ஏற்றுக்கொண்டாயிற்று, அவன் பொய்யன் என்ற கோபம் மட்டும் போகவில்லை. சம்பந்தி வீட்டுக்கு ஆள் மூலம் சேதி சொல்லி அனுப்பும் நம் ஊர் அம்மாக்களின் குரலை இதில் அப்படியே கேட்கலாம்.

அப்பாவும் அண்ணன்மாரும் என்ன ஆனார்கள்?

அகத்தில் அப்பா பேசுவதில்லை. அவருடைய சம்மதம் மட்டும் பேசப்படுகிறது. குறுந்தொகை 51-இல் தோழி, எனக்கும் இஷ்டம், அம்மாவுக்கும் மிக விருப்பம், அப்பாவும் கொடுக்க நினைக்கிறார், ஊரும் அவன் பேரோடு சேர்த்துத்தான் பேசுகிறது என்று அடுக்கி ஆறுதல் சொல்கிறாள்.

அண்ணன்மார் கலித்தொகை 39-இல் வருகிறார்கள். விஷயம் தெரிந்ததும் அம்பைப் பார்க்கிறார்கள், வில்லைப் பார்க்கிறார்கள், கண் சிவக்கிறது. ஒரு பகல் முழுக்கக் கொதிக்கிறார்கள். பிறகு ஆறி, இருவர் மேலும் குற்றமில்லை என்று தலையைச் சாய்க்கிறார்கள். இன்றைய செய்தித்தாள்களை வைத்துப் பார்த்தால், அந்த ஒரு பகல் பொறுத்துப் பார்த்ததுதான் பெரிய விஷயம்.

கல்யாணத்துக்குப் பிறகு காதல் இருக்கிறதா?

இருக்கிறது. பெரும்பாலும் சாப்பாட்டில் இருக்கிறது. கூடலூர் கிழாரின் குறுந்தொகை 167-இல் புதுப்பெண் தயிரைக் கையால் பிசைகிறாள், அந்தக் கையைச் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை அவன் நன்றாயிருக்கிறது என்று சாப்பிட, அவள் முகம் 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று'. வாய்விட்டுச் சிரிக்கவில்லை, வெட்கப்படவில்லை, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் ஒரு மலர்ச்சி. போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலி பெற்றவளிடம் இதைச் சொல்கிறாள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். மகள் நன்றாக இருக்கிறாளா என்ற கேள்விக்கு விடை, அழுக்கான சேலையும் அந்த முகமும்.

போதனாரின் நற்றிணை 110 இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொன் கிண்ணத்தில் தேன் கலந்த பால், மறுகையில் மிரட்டக் கோல், நரைத்த செவிலியர் துரத்த, முத்துப் பரல் சிலம்பு ஒலிக்க, சாப்பிட மாட்டேன் என்று பந்தலுக்கு ஓடிய விளையாட்டுப் பிள்ளை அவள். இப்போது கணவன் குடும்பம் நொடித்துப்போயிருக்கிறது. அப்பா வீட்டுக் கொழுத்த சோற்றை அவள் நினைப்பதுகூட இல்லை. ஒரு வேளை விட்டு ஒரு வேளை சாப்பிடுகிறாள். இந்த அறிவையும் நடத்தையையும் எங்கே கற்றாளோ என்று வியக்கிறாள் தாய். பெருமைதான், ஆனால் பெருமை மட்டும்தானா? பிள்ளை பட்டினி கிடக்கிறாள் என்ற வலி ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஓடுகிறது. கணவன் குடும்பத்துக்காகப் பசித்திரு என்று இதை நீதியாக்கிச் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. பாட்டு அவ்வளவு எளிதாக அதற்கு இடம்கொடுக்கவில்லை.

கபிலரின் ஐங்குறுநூறு 203-இல் பெண்ணே பேசுகிறாள். தன் வீட்டுத் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட, அவன் ஊரில் தழை மூடிய கிணற்றடியில் மான் குடித்து மிச்சம் வைத்த கலங்கல் நீர் இனிப்பாம். அதே நூலில் 401-ஆம் பாட்டில் பேயனார் ஐந்தே அடியில் ஒரு படுக்கையைக் காட்டுகிறார்: நடுவில் குட்டி படுத்திருக்கும் மான்களைப்போல, மகனை நடுவில் விட்டு இருபுறமும் தாயும் தந்தையும்.

பரத்தை இருக்கிறாளே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?

மூடி மறைக்கத் தேவையில்லை. மருதப் பாடல்களில் கணவன் வேறு பெண்ணிடம் போவது வழக்கமான நிகழ்ச்சி, மனைவியின் கோபமும் வழக்கமானது. கவிஞர்கள் அவனைத் தண்டிப்பதில்லை. ஆனால் மூன்று பேருக்கும் குரல் கொடுத்தார்கள்.

ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகை 8-இல் பேசுவது அந்த இன்னொருத்தி. என் வீட்டில் பெரிய பேச்சு பேசினான், தன் வீட்டிலோ, நாம் கையைத் தூக்கினால் கையையும் காலைத் தூக்கினால் காலையும் தூக்கும் கண்ணாடிப் பாவை மாதிரி, தன் மகனைப் பெற்றவள் விரும்பியதையெல்லாம் செய்கிறான் என்று நக்கல் செய்கிறாள். மனைவி என்று சொல்லாமல் 'தன் புதல்வன் தாய்' என்கிறாள் பாருங்கள், அங்கே கொஞ்சம் பொறாமையும் இருக்கிறது.

அகநானூறு 16 (சாகலாசனார்) என்னை விடாத பாட்டு. தெருவில் விளையாடும் குழந்தையைப் பரத்தை பார்க்கிறாள். யாரும் இல்லை என்று நினைத்துத் தூக்கி மார்போடு அணைக்கிறாள். அந்த நேரம் குழந்தையின் தாய் வந்துவிடுகிறாள். ஏன் பதறுகிறாய், நீயும் இவனுக்குத் தாய்தானே என்கிறாள் தாய். மற்றவளோ களவில் பிடிபட்டவர்களைப்போலத் தலைகுனிந்து காலால் நிலத்தைக் கீறி நிற்கிறாள். இதைத் தாய் அப்புறம் கணவனிடமே சொல்லிக் காட்டுகிறாள். அது பெருந்தன்மையா, கூரான குத்தலா? இரண்டும் என்றுதான் நான் படிக்கிறேன்.

புலவர்கள் இதில் தலையிட்டதே இல்லையா?

உண்டு, புறத்தில். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் தன் மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரக் கண்ணகி வேறு) பிரிந்து வேறொருத்தியுடன் இருந்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அவனுக்காகப் பாடிய பாட்டுகள் புறநானூறு 143 முதல் 147 வரை உள்ளன. பரணர் நேராகவே கேட்கிறார்: எங்களுக்குப் பசியும் இல்லை, சுமக்கச் சுற்றமும் இல்லை. இன்று இரவே தேர் ஏறிப் போய் அவள் துயரைத் தீர், அதுதான் எங்களுக்கு வேண்டிய பரிசு. மயில் குளிரில் நடுங்கும் என்று இரங்கியவனே என்று அவர் விளிப்பதில் இருக்கும் உறைப்பைக் கவனியுங்கள்.

குழந்தைகளைப் பற்றிய நல்ல பாடல் எது?

எல்லோரும் சொல்வது பாண்டியன் அறிவுடை நம்பியின் புறநானூறு 188. 'இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்' சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை இல்லாதவருக்கு வாழ்ந்து என்ன பயன் என்கிறார். அருமையான பாட்டு, ஆனால் அது நெய்ச்சோறு. பெருஞ்சித்திரனாரின் 160-ஐயும் பக்கத்தில் வைக்க வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளை வெறும் பானையைத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலி வருகிறது என்று பயமுறுத்துகிறாள், நிலாவைக் காட்டுகிறாள், எதுவும் நடக்கவில்லை. அப்பா மேல் உனக்குள்ள கோபத்தைக் காட்டு பார்ப்போம் என்கிறாள். முதல் பாட்டைப் பாடியவர் அரசர், இரண்டாவது பரிசில் தேடிய புலவர். ஒரே நூலில் இரண்டும் உண்டு.

பிறகு பெருஞ்சித்திரனாருக்கு வள்ளல் குமணனிடம் பரிசு கிடைத்தது. அப்போது மனைவியிடம் சொன்னது 163. உன்னை விரும்புகிறவர், நீ விரும்புகிறவர், உன் உறவினர், பசித்தபோது நமக்குக் கைமாற்று கொடுத்தவர், யாருக்கு என்று பார்க்காதே, என்னையும் கேட்காதே, சேர்த்து வைத்து வாழலாம் என்றும் நினைக்காதே, எல்லோருக்கும் கொடு. காதல் என்ற பேச்சே இல்லை. ஆனாலும் 'என்னொடும் சூழாது' என்று மனைவிக்குக் கொடுத்த அந்த உரிமை பல காதல் வரிகளைவிடப் பெரியதாக எனக்குப் படுகிறது.

மகனைப் போருக்கு அனுப்பும் தாய்மார் உண்மையா?

அது அரசர்களின் போரைப் புகழும் கவிதை மரபு. காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் புறநானூறு 278-இல் மகன் புறமுதுகு காட்டினான் என்று கேட்ட கிழவி, அப்படியானால் அவன் பால் குடித்த முலையை அறுப்பேன் என்று வாளோடு போய்ப் பிணங்களைப் புரட்டுகிறாள். அவன் வெட்டுப்பட்டுக் கிடப்பதைக் கண்டு பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். ஒக்கூர் மாசாத்தியாரின் 279-இல் முந்தைய போர்களில் வீட்டு ஆண்களைப் பறிகொடுத்தவள், ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலை சீவி வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். இவற்றை வீரத்தாய் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். காவற்பெண்டின் 86-ஐ மட்டும் கொஞ்சம் நின்று படிக்கலாம். உன் மகன் எங்கே என்று கேட்டவருக்கு, தெரியாது, புலி தங்கிவிட்டுப் போன குகைபோல இதோ அவனைப் பெற்ற வயிறு என்கிறாள். பெருமையும் வெறுமையும் ஒன்றாக நிற்கும் வரி.

கணவன் மனைவி இருவருமே புலவர்களாக இருந்ததுண்டா?

ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனும் அவன் மனைவி பெருங்கோப்பெண்டும். பகைவரை வெல்லாவிட்டால் இவளைப் பிரிவேனாக என்பது அவன் வஞ்சினம் (புறநானூறு 71). அவன் இறந்தபின் தீப்பாயப் போகிறவளைச் சான்றோர் தடுக்க, அவள் பாடியது 246. தாமரைக் குளமும் தீயும் தனக்கு ஒன்றே என்ற வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்கு முன்னால், நெய்யில்லாத சோறு, எள்ளுத் துவையல், வேளைக்கீரை, பாயில்லாமல் பருக்கைக்கல் படுக்கை என்று கைம்பெண் வாழ்க்கையை வரிசையாகச் சொல்லி, அது என்னால் ஆகாது என்கிறாள். அந்த வரிகளை விட்டுவிட்டு இதைக் காதல் பாட்டாக மட்டும் படிப்பது பாதிப் படிப்பு.

அப்பா மகன் சண்டை?

கோப்பெருஞ்சோழன் தன் மக்கள்மேலேயே படையெடுத்தான். புல்லாற்றூர் எயிற்றியனார் (புறநானூறு 213) தடுத்தார்: நீ வென்றால், உனக்குப் பிறகு இந்தச் செல்வத்தை யாருக்கு விட்டுப்போவாய்? தோற்றால் பகைவர் சிரிப்பார்கள். மாமியார் மருமகள் சண்டையைத் தேடினால் ஏமாற்றம்தான்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

குறுந்தொகை. நாலடி முதல் எட்டடிக்குள் முடிந்துவிடும், உ.வே.சாமிநாதையர் 1937-இல் வெளியிட்ட உரைப் பதிப்பும் இருக்கிறது. அடுத்து ஐங்குறுநூறு. புறநானூற்றில் மேலே சொன்ன எண்களைத் தனியாக எடுத்துப் படிக்கலாம். அகநானூறு 13 முதல் 31 அடிவரை நீளும், வாக்கியம் எங்கே முடிகிறது என்று தேடவேண்டியிருக்கும், அதனால் அதைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். கலித்தொகையைச் சத்தமாக வாசிக்க வேண்டும், முடிந்தால் இரண்டு பேராக.